வெனம், லிசார்ட், கில்லர் க்ராக் ரசிகர் ஓவியம்: பயம் வரணும், ஆனா 'க்யூட்'டா வருது. எங்க இடிக்குது?

நகக்கீறல்:

வணக்கம். மூணு படம் மேல ஏத்தியிருக்கேன். முகத்துக்காகப் பாராட்டாம, குறையைச் சொல்லுங்க. மூணுமே ஏ3 அளவு, 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) பிரிஸ்டல் தாள். நிறமி மை பேனாவில் கோடு, அதுக்கு மேல ஆல்கஹால் மார்க்கர். ஸ்கேன் பண்ணி க்ளிப் ஸ்டூடியோங்கிற வரைமென்பொருளில் கொஞ்சம் தட்டிச் சரிசெஞ்சது.

முதல் படம் வெனம், ஸ்பைடர்மேன் கதை வில்லன். நேரா நம்மளப் பார்த்து வாயைப் பிளந்து நிக்கிறான். மேல 22 பல், கீழ 22 பல், நாக்கு மார்பு வரைக்கும் தொங்குது. உடம்பு முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் மட்டும் நீலக் கோடு.

ரெண்டாவது லிசார்ட், அதே கதையில் வர்ற பல்லி மனுஷன். கிழிஞ்ச வெள்ளைக் கோட்டு, ஊதா கால்சட்டை, செங்குத்தா கோடு மாதிரி கண்மணி. கூர்மையான பல், நாக்கு வெளியே.

மூணாவது கில்லர் க்ராக், பேட்மேன் கதையில் வர்ற முதலை மனுஷன். சிங்கப்பூர் வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடு) புளோக்கோட வாய்ட் டெக்கில், அதாவது திறந்த கீழ்த்தளத்தில், நிக்கிற மாதிரி. 3.6 மீட்டர் உயரம்னு நினைச்சுத்தான் போட்டேன். பார்க்கிறவங்க எல்லாரும் "யாரு லா இந்த குண்டு அங்கிள்?"ங்கிறாங்க.

கேள்வி நாலு. ஏன் பயமே வரல? க்ராக்கை எப்படிப் பெரிசாக் காட்டுறது? சோதனைக்கு அச்சடிச்சதுல வெனம் உடம்பு ஒரே கறுப்புத் திட்டா அடைச்சுப் போச்சு, என்ன பண்ணணும்? வருஷக் கடைசி சந்தையில் மேசை எடுத்து இதை விக்கலாமா?


பல்லும்_நகமும்:

தம்பி, கோடு சுத்தம். மார்க்கர் கலவையும் நல்லா வந்திருக்கு. குறை எல்லாம் உடற்கூறில். மூணு பேருக்கும் ஒரே வாயைப் போட்டிருக்கீங்க. தனியா வெட்டியெடுத்து ஒருத்தன் வாயை இன்னொருத்தனுக்கு ஒட்டினாலும் யாருக்கும் தெரியாது.

'க்யூட்' எங்கிருந்து வருதுன்னு முதல்ல பார்ப்போம். 1943-இல் கொன்ராட் லோரென்ஸ் எழுதி வச்சதுதான் இன்னைக்கும் பொம்மை செய்றவங்க பாடம்: பெரிய கண், உருண்ட நெத்தி, குட்டை மூக்கு, குட்டைக் கை கால் இருந்தா மனுஷ மனசு அதைக் குழந்தைன்னு எடுத்துக்கும். உங்க லிசார்டை அளந்து பாருங்க. கண் தலை உயரத்தில் கால்வாசி. நெத்தி புடைச்சிருக்கு. மூக்கு நுனியிலிருந்து கண் வரை உள்ள தூரமும், கண்ணிலிருந்து பிடரி வரை உள்ள தூரமும் ஒண்ணு. அதான் கையில எடுத்துக் கொஞ்சலாம் போல இருக்கு. கண்ணைப் பாதியாக் குறைங்க, மேலேயும் பின்னாலேயும் தள்ளுங்க. நெத்தியைத் தட்டையாக்குங்க. மூக்கு நுனி முதல் கண் வரை உள்ள தூரம் மத்த பாதியைப் போல ஒண்ணரை மடங்காவது இருக்கணும். இதை மட்டும் செஞ்சாலே பல்லைத் தொடாம முகம் மாறிடும்.

அப்புறம் கண்மணி. லிசார்டுக்கு எல்லாரும் செங்குத்துக் கோடு போடுறாங்க. நம்ம ஊர் வாய்க்கால் ஓரம் படுத்திருக்கிற நீர் உடும்பைப் பாருங்க, கண்மணி வட்டம். செங்குத்துக் கோடு முதலைக்கு. அதாவது உங்க க்ராக்குக்குப் போட வேண்டியதை லிசார்டுக்குப் போட்டிருக்கீங்க. வட்டக் கண்மணி சாதுவா இருக்குமேன்னு நினைக்காதீங்க. சின்னதா, அசையாம, மேல் இமை எலும்பு பாதி மூடின வட்டம் கோட்டைவிட மோசமாப் பார்க்கும். வெனமுக்குக் கண்மணியே கிடையாது, அந்த வெள்ளைத் திட்டோட வடிவம்தான் முகபாவம். அதுக்குள்ள நீங்க ஒரு ஒளிப்புள்ளி வச்சிருக்கீங்க, உடனே அழிச்சிடுங்க.

தாடை. மனுஷ வாயோரம் கண்ணுக்கு நேர் கீழ முடியும். அங்கேயே நிறுத்தி, பல்லை மட்டும் நீட்டினா முகமூடிதான் வரும். முதலையின் தாடை மூட்டு கண்ணைத் தாண்டி மண்டையோட பின்விளிம்பில் இருக்கு. அந்த இடத்தில் ஒரு புள்ளி வைங்க. அதை அச்சா வச்சுக் கீழ்த்தாடையைத் திருப்புங்க. திரும்பும்போது தாடை கீழ இறங்குறதோட கொஞ்சம் பின்னாலயும் போகும். நீங்க நேராக் கீழ இழுத்து நீட்டியிருக்கீங்க, அதான் இழுப்பறை திறந்த மாதிரி நிக்குது. முதலை வாயை மூடுற தசை தாடையோட பின்கோணத்தைச் சுத்தி, கழுத்துக்குப் பக்கத்தில் பெரிசாப் புடைச்சிருக்கும். க்ராக்குக்கு அந்தப் புடைப்பைக் குடுங்க. கடிச்சா விடாதுங்கிறது பல்லைவிட அதில்தான் தெரியும்.

நாக்கு. முதலை நாக்கை நீட்டவே முடியாது, வாயோட அடித்தளத்தில் சவ்வால ஒட்டியிருக்கு. க்ராக் நாக்கை எடுத்துடுங்க. உடும்புக்கு மெலிசா, நுனி ரெண்டாப் பிளந்து, வாய் முன்பக்கத்திலிருந்து வரும். வெனம் சங்கதி வேற. 1988-இல் முழு உருவமா வந்தப்போ டாட் மெக்ஃபார்லேன் போட்ட வெனமுக்கு இந்த நீள நாக்கு இல்ல, பின்னால எரிக் லார்சன் கை வச்சப்போ வந்தது. அதனால நாக்கு இல்லாத வெனமும் வெனம்தான். வேணும்னா தொண்டையில் கட்டைவிரல் மாதிரி தடிச்ச அடி, அப்புறம் ஒரு முறுக்கு, மேல்பக்கமும் அடிப்பக்கமும் மாறி மாறித் தெரியணும். உங்களது கழுத்துப்பட்டி மாதிரி நேராத் தொங்குது.

கடைசியா பல். 44 பல்லும் ஒரே முக்கோணம், ஒரே இடைவெளி. ரம்பம். மூணு அளவு வச்சுக்குங்க, பெரிசு நாலஞ்சுக்கு மேல வேணாம். ஈறைப் போடுங்க, ஒவ்வொரு பல்லும் ஈறிலிருந்து எழும்புற இடத்தில் ஒரு சின்ன மேடு. தாடை வளைவு, அதனால முன்பல் அகலமாத் தெரியும், ஓரம் போகப் போக ஒடுங்கி ஒண்ணு மேல ஒண்ணு விழும். சுத்த வெள்ளை ரெண்டு மூணு பல்லுக்குத்தான், மத்தது பழுப்பு, உள்ள போகப் போக இருட்டு. உடும்புப் பல் பின்பக்கம் வளைஞ்சது, வாய் மூடினா உதடு மறைச்சிடும். முதலைக்கு உதடு கிடையாது, வாய் மூடினாலும் பல் வெளிய தெரியும், குறிப்பாக் கீழ்த்தாடையில் நாலாவது பல். வாய் மூடின க்ராக் போட்டுப் பாருங்களேன். இதுவரைக்கும் ரசிகர் ஓவியத்தில் அதிகம் பேர் செய்யாத காரியம்.

விரலையும் எண்ணுங்க. முதலைக்கு முன்காலில் 5, பின்காலில் 4, அதிலும் உள்பக்க மூணு விரலுக்குத்தான் நகம். உடும்புக்கு எல்லா விரலுக்கும் நகம்.


செராங்கூன்_தூரிகை:

வெனம் உடம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அங்கே நடந்திருப்பது எளிய பிழை: கறுப்புப் பொருளைக் கறுப்பால் நிரப்பிவிட்டு, அதன் ஓரத்தில் நீலத்தை இழுத்திருக்கிறீர்கள். ஈரமான கறுப்புக்குச் சொந்த நிறம் ஏறக்குறைய இல்லை, சுற்றியிருப்பதைப் பிரதிபலிப்பதுதான் அதன் நிறம். ஆகவே வெனத்தை வரையும்முன் அவன் எங்கே நிற்கிறான், விளக்கு எது என்று முடிவு செய்ய வேண்டும்.

வாய்ட் டெக் என்றால் கூரையில் வரிசையாகக் குழல்விளக்குகள். அவை தோள்மேட்டில் நீண்ட வெள்ளைப் பட்டைகளாக விழும். தசை எப்படி வளைகிறதோ அப்படியே பட்டையும் வளையும். மேடு கூர்மையானால் பட்டை மெலியும், தட்டையானால் அகலும். இரண்டு தசை சந்திக்கும் பள்ளத்தில் அறுந்து, அடுத்த மேட்டில் மீண்டும் தொடங்கும். பட்டையின் விளிம்பு வெட்டினாற்போல இருக்க வேண்டும், தேய்த்து மங்க வைத்தால் ரப்பராகிவிடும். கீழ்நோக்கிய பரப்புகளில், அதாவது தாடையின் அடி, மார்பின் அடி, முன்கையின் அடி ஆகியவற்றில், சிமெண்டுத் தரையின் மங்கிய வெளிச்சம் மட்டும். ஓரம் முழுக்க ஒரே அகலத்தில் ஓடும் நீலக்கோடு வெட்டியொட்டிய படம் போலத் தோற்றம் தரும், எடுத்துவிடுங்கள்.

பார்த்து வரைய தேக்கா சந்தையின் மீன் பகுதிக்குக் காலையில் போய் சோத்தோங்கையும் (கணவாய்) கெளுத்தியையும் பாருங்கள். கெளுத்தியின் முதுகில் வெளிச்சம் எங்கே உடைகிறது, வழவழப்புத் திரவம் தேங்கும் இடத்தில் அது எப்படி இன்னொரு சிறு ஒளியைப் பிடிக்கிறது என்று கவனித்தால் போதும். இணையத்தில் கிடைக்கும் பிறர் ஓவியத்தைப் பார்த்து ஈரத்தைக் கற்க முயன்றால், அவர் விட்ட பிழையும் சேர்ந்து வரும்.

மார்க்கரில் வரிசை இதுதான். பென்சிலில் ஒளிப்பட்டைகளின் எல்லையை மெல்லக் குறியுங்கள், அவை தாளின் வெள்ளையாகவே நிற்கட்டும். குளிர்சாம்பல் மார்க்கரில் எண் 3, பிறகு 5, பிறகு 7 (எண் கூடக் கூட நிறம் அடரும்). ஒவ்வோர் அடுக்கும் முந்தையதைவிடக் குறைந்த இடத்தை மூடட்டும். 9-ஐ உடம்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். சுத்தக் கறுப்பு மையைக் கடைசியில், பள்ளங்களுக்கு மட்டும். நீங்கள் முதலிலேயே கறுப்பு மையை நிரப்பி அதன் மேல் மார்க்கரை ஓட்டியிருப்பதாகத் தெரிகிறது. இடது தொடையில் மை கரைந்து சாம்பலாக இழுபட்டிருப்பது அதனால்தான். நிறமி மை தண்ணீரில் கரைத்தது, நம் ஊர் ஈரப்பதத்தில் மேலே காய்ந்தாற்போல இருந்தாலும் அடர்ந்த இடத்தில் உள்ளே ஈரம் நிற்கும். மெல்லிய கோட்டுக்கு ஒரு மணி நேரம், நிரப்பிய இடத்துக்கு ஓர் இரவு விடுங்கள். முடிவில் வெள்ளை கவாஷ் (ஒளிபுகா நீர்வண்ணம்) அல்லது வெள்ளை ஜெல் பேனாவில் ஏழெட்டுப் புள்ளி. அதற்கு மேல் போனால் மினுமினுப்புத் தூள் தூவியது போலாகிவிடும்.

மார்பில் உள்ள வெள்ளைச் சிலந்தியையும் கவனியுங்கள். அது சட்டையில் அச்சடித்த சின்னம் அல்ல, அதே உடம்பின் பரப்பு. மார்பு விரிந்தால் கால்கள் விரிய வேண்டும், விலா ஓரத்தில் மறைய வேண்டும். தட்டையாக ஒட்டியிருப்பதால்தான் உடம்பும் தட்டையாகிவிட்டது.


வாளேந்தி:

ரெண்டு பேரும் நல்லாச் சொல்லியிருக்கீங்க, ஆனா விலங்கியல் பாடத்தோட நின்னா உடும்பு படம் வரும், வில்லன் வரமாட்டான். லிசார்ட் 1963-இல் ஸ்டீவ் டிட்கோ கையில் பிறந்ததிலிருந்து அந்த வெள்ளைக் கோட்டோடதான் அதிகம் சுத்துறான். ஏன்? உள்ள கர்ட் கானர்ஸ்னு ஒரு டாக்டர் இருக்கார், இழந்த வலது கையை முளைக்க வைக்கப் பார்த்து இப்படி ஆனவர். அந்த மனுஷனோட மிச்சம்தான் பயமே. உங்க படத்தில் கோட்டு வெறும் கந்தல். ஒரு பொத்தான் சரியாப் போட்டிருக்கணும். பையில் பேனா இருக்கணும். வலது கை மத்த உடம்பைவிடக் கொஞ்சம் புதுசா, செதில் சின்னதா, நிறம் வெளிறி இருக்கலாம். இது கதையில் இருக்கிற விஷயம், நீங்க ஓவியத்தில் பயன்படுத்தலே.

அப்புறம் வாய். மூணு பேரும் கத்துறாங்க. கத்துறவனைப் பார்த்தா ஒரு நொடிதான் பயம். சௌத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலோ, செராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலோ, எதுக்காச்சும் போய் துவாரபாலகரைப் பாருங்க. விழி பிதுங்கியிருக்கும், வாய் மூடியிருக்கும், ஓரத்தில் ரெண்டே ரெண்டு கோரைப்பல். அவ்வளவுதான். கை ஓங்கலே, கதாயுதத்து மேல சாவகாசமா சாஞ்சு நிக்கிறார். உங்க 44 பல்லையும் அந்த ரெண்டு பல்லையும் பக்கத்தில் வச்சுப் பாருங்க, எது கனமா இருக்குன்னு தெரியும்.

ஹாவ் பார் வில்லாவுக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. பத்து நரக மண்டபத்தில் மாட்டுத்தலை, குதிரைத்தலைக் காவலர்கள் நிப்பாங்க. மிருகத் தலை மனுஷ உடம்பில் எங்க சேருதுன்னு கழுத்தைப் பாருங்க. உங்க க்ராக்குக்குத் தலை முதலை, கழுத்து மனுஷன், நடுவில் ஒரு கோடு. அந்த இணைப்புதான் தொப்பி மாட்டின மாதிரி தெரியுது. தோள்தசையைக் காதுப்பக்கம் வரை ஏத்துங்க, கழுத்தே தெரியக் கூடாது. செதில் மாறுறதும் படிப்படியா நடக்கணும். முதுகுல எலும்புத்தகடு பதிச்ச பெரிய செதில் வரிசை, வயித்துல செவ்வகம் செவ்வகமாக் கிடைவரிசை, விலாவில் சின்ன வட்டம். முகத்தில் வரிசையே வேணாம், வறண்ட குளத்துச் சேறு வெடிச்ச மாதிரி ஒழுங்கில்லாத துண்டுகள். எல்லா இடத்திலும் ஒரே மீன்செதில் போட்டா துணி அச்சு மாதிரிதான் இருக்கும். எல்லாச் செதிலையும் வரையவும் வேணாம். வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற எல்லையில் மட்டும் விவரம், முழு வெளிச்சத்திலும் முழு இருட்டிலும் விட்டுடுங்க.


நகக்கீறல்:

அண்ணே, துவாரபாலகர் விஷயம் பொட்டில் அடிச்ச மாதிரி இருக்கு. ஆனா வெனம் வாயை மூடிட்டா யாருன்னே தெரியாதே? பல்லும்_நகமும் அண்ணன் சொன்ன மாதிரி க்ராக்கை வாய் மூடிப் போட்டுப் பார்க்கிறேன். உயரம் விஷயம் யாராச்சும் சொல்லுங்களேன். பின்னால ஒரு தூண், ஒரு கல்மேசை, நாலு ஸ்டூல், ஒரு மிதிவண்டி வச்சிருக்கேன், அப்படியும் குட்டையாத் தெரியுறான்.


பல்லும்_நகமும்:

வெனமுக்கு வாய் திறந்தே இருக்கட்டும், அவனுக்கு அதான் அடையாளம். வாளேந்தி சொல்றது மூணு பேரும் ஒரே நேரத்தில் கத்தக் கூடாதுன்னு. மூணையும் ஒரே மேசையில் வரிசையா வைக்கப் போறீங்க. ஒருத்தன் பிளக்கணும், ஒருத்தன் பாதி திறக்கணும், ஒருத்தன் மூடணும். ஆனா கோயில் சிலையை அப்படியே காமிக்ஸில் இறக்கிடலாம்ங்கிறதை நான் ஏத்துக்கமாட்டேன். சிலையை நாம அண்ணாந்து பார்க்கிறோம், ஏ3 தாளைக் கையில வச்சுப் பார்க்கிறோம். அந்த அளவு நம்மளை அடக்குது, ரெண்டு பல் மட்டும் இல்ல.


தொடுவானம்:

உயரம். இது கணக்கு, கலை அப்புறம்.

உங்க படத்தில் தொடுவானக் கோடு க்ராக்கோட கண்மட்டத்தில் ஓடுது. பார்க்கிறவர் கண் எந்த உயரமோ அந்த உயரத்தில்தான் தொடுவானம். ஆக அவன் கண்ணும் நம்ம கண்ணும் ஒரே மட்டம், அதனால அங்கிள். சமதரையில் நிக்கிற ஆள் பார்க்கிறார்னா கண் உயரம் சுமார் 1.6 மீட்டர். 3.6 மீட்டர் ஆளை அந்தக் கோடு 1.6-ஐ 3.6-ஆல வகுத்த இடத்தில் வெட்டும், அதாவது கால்பாதத்திலிருந்து 44 விழுக்காட்டில், மேல்தொடைப் பக்கம். அவன் கிட்ட நின்னாலும் தூர நின்னாலும் அதே இடம்தான். பக்கத்தில் சாதாரண ஆள் நின்னா அவர் கண் அந்தக் கோட்டில். இந்த ஒரு கோட்டை மாத்தாம தூண், மேசை எதை வச்சாலும் பயனில்ல. இன்னும் மிரட்டணும்னா பார்வையை 0.5 மீட்டருக்கு இறக்குங்க, கல்மேசைக்கு அடியில் ஒளிஞ்சவன் பார்க்கிற மாதிரி. அப்போ கோடு அவன் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் வெட்டும்.

தலை. சாதாரண நாயகன் 8 தலை உயரம். உங்க க்ராக் ஆறரை தலை, அதுவும் குட்டைன்னு சொல்லுது. 10 தலை ஆக்குங்க. 3.6 மீட்டருக்குத் தலை 36 செண்டிமீட்டர். முதலை மூக்கு நீளம் இந்தக் கணக்கில் சேராது, உச்சியிலிருந்து தாடை அடி வரைதான்.

எடை. உயரம் இரட்டிச்சா எடை 8 மடங்கு, ஆனா காலெலும்போட குறுக்குவெட்டு 4 மடங்குதான் கூடும். அந்த எடையைத் தாங்கணும்னா கால் சாதாரண விகிதத்தைவிட இன்னும் 1.4 மடங்கு தடிமனாகணும். நீங்க தடிமனை வயித்தில் குடுத்துட்டீங்க. அதை எடுத்துத் தொடையிலும் கணுக்காலிலும் போடுங்க. பாதம் தரையைத் தொடுற இடத்தில் மெலிசா, அடர்த்தியா ஒரு கறுப்பு நிழல், அதைச் சுத்தி அகலமா மங்கின நிழல், ரெண்டும் வேணும். முதலாவது இல்லேன்னா மிதப்பான்.

அளவுகோல். வீவக புளோக்கில் ஒரு மாடி தரையிலிருந்து தரைக்கு சுமார் 2.8 மீட்டர். வெளிய நிறுத்தினா அவன் தலை அந்தக் கணக்கில் முதல் மாடியைத் தாண்டி வரணும். வாய்ட் டெக்குக்குள்ளன்னா இன்னும் நல்லது, நிமிர்ந்து நிக்கவே விடாதீங்க. தலையைக் குனிஞ்சு, முதுகால கூரையை உரசுறவனுக்கு உயரம் சொல்லவே வேணாம். குழல்விளக்கு ஒண்ணு அவன் தோள் பட்டு ஆடட்டும், முகத்துக்குக் கீழிருந்து வெளிச்சம் வர அதுவே காரணமாகும். ஈரடுக்குப் பேருந்து நல்ல அளவுகோல்னு சிலர் வைப்பாங்க, அது சுமார் 4.4 மீட்டர், இவனைவிட உயரம். பக்கத்தில் நிறுத்தினா இவன்தான் சின்னதாவான்.

மிதிவண்டியை எடுத்துடுங்க. அளவுகோல் ரெண்டு போதும். ஒண்ணு ஸ்டூல், இன்னொண்ணு தூணில் ஒட்டின அறிவிப்பு. அறிவிப்புல எழுத்து படிக்கிற மாதிரி போடாதீங்க, கண் அங்க போயிடும்.

எல்லாத்தையும் திரும்ப வரையறதுக்கு முன்னால 5 செண்டிமீட்டர் உயரத்தில் ஏழெட்டுச் சின்ன மாதிரிப்படம் போடுங்க. உள்விவரம் இல்லாம முழுக்கக் கறுப்பால நிரப்புங்க. நிழலுருவத்தை வச்சே யாரு, என்ன செய்யப் போறான்னு தெரியலேன்னா விவரம் சேர்த்தும் தெரியாது. இப்ப உள்ள க்ராக்கில் ரெண்டு கையும் உடம்போட ஒட்டியிருக்கு, நிரப்பினா ஒரு மூட்டைதான் மிஞ்சும்.


அச்சுக்கூடம்:

கறுப்பு அடைச்சுப் போனதுக்கு அச்சுக்கடையைக் குறை சொல்ல வேணாம், கோப்பைப் பார்த்தாலே காரணம் தெரியுது. திரையில் ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீல ஒளி அளவு, 0 முழு இருட்டு, 255 முழு வெளிச்சம்) 8, 12, 15 மதிப்பில் நீங்க பார்த்து ரசிச்ச நிழல் விவரம் எல்லாம் தாளில் ஒரே கறுப்பு. டோனரும் மையும் தாளில் கொஞ்சம் பரவும். க்ளிப் ஸ்டூடியோவோட லெவல்ஸ் கருவியில் அடிமட்டத்தைத் தூக்குங்க, அதாவது இருண்ட பகுதியைக் கொஞ்சம் வெளிச்சமாக்குங்க. விவரம் தெரிய வேண்டிய எந்த நிழலும் 85 விழுக்காட்டுக் கறுப்பைத் தாண்டக் கூடாது, 90-க்கு மேல உள்ளதெல்லாம் கறுப்பாத்தான் வரும்னு வச்சுக்குங்க. செராங்கூன்_தூரிகை சொன்ன மாதிரி 9-ஆம் எண் சாம்பலைக் குறைச்சாலே பாதி வேலை முடிஞ்சிடும்.

அளவு: ஏ3 297-க்கு 420 மில்லிமீட்டர். நாலு பக்கமும் வெட்டுறதுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதல் சேர்த்தா 303-க்கு 426. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3579-க்கு 5032 பிக்சல். கையெழுத்து, நக நுனி, வால் நுனி எல்லாம் வெட்டு விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ள இருக்கணும். உங்க லிசார்ட் வால் சரியா விளிம்பில் முடியுது. ஒண்ணு வெளிய போகட்டும், இல்ல நல்லா உள்ள வரட்டும். இப்படியே விட்டா பத்து பிரதியில் நாலுல நுனி போயிடும்.

அச்சில் நாலு மை, அதான் சிஎம்ஒய்கே: சி இளநீலம், எம் மெஜந்தா, ஒய் மஞ்சள், கே கறுப்பு. பெரிய கறுப்புப் பரப்புக்கு வெறும் கே 100 போட்டா அடர்சாம்பல் மாதிரி வெளிறும். சி 60, எம் 40, ஒய் 40, கே 100 குடுங்க, மொத்தம் 240. நாலும் 100 போட்டு 400 ஆக்காதீங்க, மை காயாம அடுத்த தாளில் ஒட்டும். மெல்லிய கோட்டுக்கும் எழுத்துக்கும் கே 100 மட்டும், இல்லேன்னா நாலு தகடும் மயிரிழை விலகினாலே கோட்டோரம் வண்ணம் தெரியும். கோப்பு எந்த முறையில் வேணும்னு கடையில் முதல்ல கேளுங்க. சில இடத்தில் ஆர்ஜிபியே குடுங்கன்னு சொல்லி அவங்க கருவி மாத்திக்கும், அப்போ இந்த எண் எல்லாம் செல்லாது. லிசார்டோட பளிச்சிடும் பச்சையும் ஊதாவும் சிஎம்ஒய்கேயில் கண்டிப்பா மங்கும். க்ளிப் ஸ்டூடியோவில் அச்சு முன்னோட்டத்தைப் போட்டுப் பார்த்துட்டு, நிறத்தைக் கூட்டுறதைவிடப் பக்கத்து நிறத்தை அடக்குங்க.

பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ், சன்ஷைன் பிளாசா ரெண்டு பக்கமும் சின்ன எண்ணிக்கைக்கு அச்சடிப்பாங்க. முழு ஏ3 சோதனைக்குக் காசு கொட்டாதீங்க. மூணு படத்திலிருந்தும் இருண்ட பகுதி, பச்சைப் பகுதி, பல் பகுதின்னு நீளத் துண்டா வெட்டி ஒரே ஏ4-இல் அடுக்கி அடிங்க. அதே துண்டில் அடிமட்டம் தூக்கினது, தூக்காதது ரெண்டும் இருக்கட்டும். கடை விளக்கில் மட்டும் பார்க்காம வெளிய வெயிலில் பாருங்க. தாள் 250 முதல் 300 ஜிஎஸ்எம் மேட் அட்டை. பளபளப்பு லேமினேஷன் போட்டா கறுப்பு ஆழமாகும், வெனமுக்குப் பொருந்தும், ஆனா சந்தை விளக்கு கண்ணில் அடிக்கும், கைரேகையும் விழும். மத்த ரெண்டுக்கும் மேட் போட்டு, வெனம் ஒண்ணுக்கு மட்டும் பளபளப்பு போடலாம்.


வாளேந்தி:

விக்கிறது பத்தி. சிங்கப்பூரில் 2021 பதிப்புரிமைச் சட்டத்தில் நியாயமான பயன்பாட்டு விலக்கு இருக்கு. ஆனா எதுக்குப் பயன்படுத்துறீங்க, வணிகமா இல்லையா, மூலப் படைப்பு எப்படிப்பட்டது, அதில் எவ்வளவு எடுத்தீங்க, அதோட சந்தையை உங்களது பாதிக்குதா, எல்லாத்தையும் சேர்த்துத்தான் எடைபோடுவாங்க. 'ரசிகர் ஓவியம்'னு பேர் வச்சா மட்டும் தப்பிக்க முடியாது, விக்கிற பிரதி சும்மா போடுற பிரதியைவிட பலவீனமான நிலையில்தான் நிக்கும். அதனால முதல்ல சந்தை ஏற்பாட்டாளரோட விதிமுறையைப் படிங்க, ரசிகர் ஓவியத்துக்குத் தனி விதி வச்சிருப்பாங்க. அவங்க அனுமதிக்கிறதும் உரிமையாளர் அனுமதிக்கிறதும் வேற வேற. நிறுவனச் சின்னம், கதைத் தலைப்போட எழுத்துரு ரெண்டையும் படத்தில் போடாதீங்க, அது வணிகக்குறி விவகாரம். வேற ஓவியரோட அட்டைப்பட நிலையைப் பார்த்து அப்படியே போடாதீங்க. உங்க வெனம் நிக்கிற நிலை ரொம்பப் பழகினதா இருக்கு, சின்ன மாதிரிப்படத்திலேயே மாத்திடுங்க. மனசு உறுத்துதுன்னா இதே உழைப்பைப் போட்டுச் சொந்தமா ஒரு யாளித்தலை வில்லனை உருவாக்குங்க, அதுக்கு யார்கிட்டயும் கேட்க வேணாம்.


நகக்கீறல்:

எல்லாருக்கும் நன்றி. க்ராக்கை முதல்ல எடுக்கிறேன்: தொடுவானம் 44 விழுக்காட்டில், 10 தலை, வாய் மூடி, கூரை முதுகில். ஒரே ஒரு சந்தேகம். பார்வையை 0.5 மீட்டருக்கு இறக்கினா வாய்ட் டெக் கூரை நிறையத் தெரியும், அவன் கூரையை ஒட்டி நிக்கிறப்போ தலை இருட்டுக்குள்ள போயிடாதா?


தொடுவானம்:

போகட்டும். தலைக்குப் பின்னால தெரியுற கூரையை 40 விழுக்காட்டுச் சாம்பலில் வைங்க, தலை 80. நிழலுருவம் தனியா நிக்கும். அதுக்குள்ள கண் ஒளி ஒண்ணும், அந்த நாலாவது பல்லும் போதும். 0.5-க்கு இறக்கி அண்ணாந்து பார்த்தா செங்குத்துக் கோடுகள் மேல போகப் போக ஒண்ணையொண்ணு நெருங்கணும், தூணுக்கும் அவனுக்கும் ஒரே மறைபுள்ளி (கோடுகள் போய்ச் சேர்ற புள்ளி). தூணை மட்டும் நேரா விட்டுட்டு அவனைச் சாய்ச்சா விழப் போறவன் மாதிரி இருப்பான்.